வாங்காத கேசட்

போன வாரம் நசீம் பானுவை நிம்மதியாகத் தூங்கவைத்துவிட்டு வந்தோம். அந்த நிம்மதிக்கு ஆயுசு வெள்ளிக்கிழமை காலை வரைதான்.

இடையில் ஒரு வாரம் இதழைத் தவறவிட்டவர்களுக்கு மட்டும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தர்மபுரியில் பென்னாகரம் ரோட்டை ஒட்டிய சந்தில் மெத்தைக் கடை வைத்திருக்கும் கவுஸ் பாஷாவின் மகள் நசீம். பி.எஸ்ஸி. கணக்கு, கடைசி வருடம். அண்ணன் அப்துல் சுபானுக்குச் சவூதியில், தம்மாமில் டிரைவர் வேலை. இரண்டு வருடம் முன்பு லீவில் வந்தபோது மனைவிக்கு ஒரு டேப் ரிக்கார்டரும் தங்கைக்கு ஒரு கம்ப்யூட்டரும் வாங்கிவந்தான். கம்ப்யூட்டர் என்றதும் பீரோ அளவுக்குக் கற்பனை செய்துவிடாதீர்கள். பாடப்புத்தகம் அகலம்தான். ரப்பர் பொத்தான்கள். டீவியோடு சேர்த்தால் எழுத்துத் தெரியும். டேப் ரிக்கார்டரோடு சேர்த்தால் எழுதியதைக் கேசட்டில் பதிந்துகொள்ளலாம். பதியாமல் கரண்டை நிறுத்தினால் அத்தனையும் காற்றோடு போச்சு.

அந்தக் கம்ப்யூட்டருக்குத்தான் இப்போது கண்டம். காலமெல்லாம் கையால் பஞ்சு கொட்டிக் கொட்டிக் கவுஸ் பாஷாவுக்கு இருமல் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. சேலத்தில் மோட்டாரில் ஓடும் பஞ்சு மெஷின் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஓசூர்த் தொழிற்சாலை இன்ஜினியர் ஒருவர் கம்ப்யூட்டரை விலைக்குக் கேட்கிறார். இது போனால் அது வரும்.

மகள் அழுத அழுகையில் ஒரு தவணை கிடைத்தது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தும் தீர்த்தகிரி, ஜூனில் கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்கப் போகிறார். டைப் பழகுகிறவர்களுக்காக நசீம் எழுதியிருக்கும் புரோகிராமைப் பார்க்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருகிறேன் என்றார். பிடித்துப்போனால் அவளுக்கு வாத்தியார் வேலை, அந்தச் சம்பளத்தில் மேல்படிப்பு, கம்ப்யூட்டரும் வீட்டிலேயே இருக்கும். அதுவரை ஓசூர்க்காரருக்கு வாக்குக் கொடுப்பதில்லை என்று கவுஸ் பாஷா சொல்லியிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை விடிந்துவிட்டது.

காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு, சாயங்காலத்துக்கு ஒரு ஒத்திகை பார்க்கலாம் என்று டேப் ரிக்கார்டரைத் திறந்தாள் நசீம். உள்ளே கேசட்டைக் காணவில்லை.

அலமாரியைப் பார்த்தாள். டீவிக்குப் பின்னால் பார்த்தாள். வீட்டில் இருந்த மற்ற கேசட்டுகள் இரண்டே இரண்டு. ஒன்று அம்மா ஜான் பீ கேட்கும் மார்க்கச் சொற்பொழிவு, பயான், மற்றது அண்ணி ஹாஜிராவின் கல்யாணத்தில் பதிந்தது. இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன.

"பாபி, டேப்புக்குள்ள ஒரு கேசட் இருந்துச்சே, பாத்தீங்களா?"

அடுப்படியில் குழந்தை ரிஹானாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த ஹாஜிரா திரும்பிப் பார்த்தாள். "அந்தக் கெட்டுப்போன கேசட்டா?"

நசீம் அடுப்படி வாசலுக்கு வந்தாள். "எந்தக் கெட்டுப்போன கேசட்?"

"போட்டுக் கேட்டேன் நசீம். கீய்ங்னு ஊளையிட்டுச்சு. பாட்டுமில்ல, பேச்சுமில்ல. நாடா மட்டும் நல்லாத்தான் இருந்துச்சு. வீணாப் போறதுக்கு நாமளாச்சும் பேசலாம்னு..." ஹாஜிரா வெட்கத்தோடு சிரித்தாள். "உங்க அண்ணனுக்குப் பேசினேன். பாப்பா அப்பான்னு சொல்லுச்சு, அதையும் புடிச்சேன். சாதிக் பாய் இன்னிக்கு தம்மாமுக்குத் திரும்பிப் போறாரே, அவருகிட்ட குடுத்துட்டேன்."

இந்தச் சந்தில் யார் வளைகுடாவுக்குப் புறப்பட்டாலும், அந்தந்த வீட்டுப் பெண்கள் பேசிப் பதிந்த கேசட்டுகள் அவர் பையில் ஏறிவிடும். கடிதத்தில் எழுத முடியாததை வாயால் சொல்லி அனுப்புவார்கள். ஹாஜிராவுக்கு எழுதப் படிக்கவும் அவ்வளவாக வராது. அவள் அனுப்பும் காகிதம், மை எல்லாம் கேசட்தான்.

"அந்த ஊளைதான் பாபி என் புரோகிராம்!" நசீம் கத்தியே விட்டாள். "கம்ப்யூட்டரு அப்படித்தான் பதியும்! மூணு மாசமா தட்டுனேன்!"

ஹாஜிராவின் கையில் இருந்த சோற்று உருண்டை தட்டில் விழுந்தது. "எனக்கென்ன தெரியும் நசீம்? மேல ஒரு பேரு எழுதி வெச்சிருக்கக் கூடாதா?"

எழுதியிருக்கலாம். இன்னொரு கேசட்டில் ஒரு பிரதியும் எடுத்து வைத்திருக்கலாம். நசீமின் கோபம் பாதி பாபி மேல் என்றால் மீதி தன் மேல்.

ஏனென்றால் ஸ்காலர்ஷிப் பணம் வந்தபோது, கம்ப்யூட்டருக்கு முதலில் எதை வாங்குவது என்று இதே வீட்டில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. கரண்ட் ஏறி இறங்கி டீவி புகைந்துவிடும், ஸ்டெபிலைசர் வாங்கு என்றார் அப்பா. உனக்கென்று ஒரு சின்ன டீவி வாங்கிக்கொள், என்னை நிம்மதியாகப் பாட்டுப் பார்க்க விடு என்றாள் அம்மா. ரப்பர் பொத்தானில் டைப் அடித்தால் விரல்தான் போகும், நல்ல கீபோர்டு பார் என்று தீர்த்தகிரி சொல்லி அனுப்பினார். தனியாக ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கிக்கொள்ளேன் என்று ஹாஜிராவும் மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

நசீம் யார் பேச்சையும் கேட்கவில்லை. ஆறு பாடம் எழுதியதும் கம்ப்யூட்டர் இதற்குமேல் இடமில்லை என்று கைவிரித்துவிட்டது. அவளோ பன்னிரண்டு பாடம் எழுத நினைத்திருந்தாள். வகுப்புத் தோழி காவேரியின் அண்ணனிடம் சொல்லி, பெங்களூரிலிருந்து ஒரு மெமரிப் பெட்டி வரவழைத்தாள். கம்ப்யூட்டரின் முதுகில் செருகும் பெட்டி. செருகிய இடத்தில் இறுக்கமாக உட்காராமல் ஆடிக்கொண்டே இருக்கும். மேஜை குலுங்கினால் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் மறந்துவிடும். பெட்டிக்குக் கீழே மெத்தைத் துணியில் பஞ்சு வைத்து முட்டுக் கொடுத்திருந்தாள்.

ஸ்காலர்ஷிப்போடு புத்தகப் பணம், சந்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த பணம் எல்லாம் அதற்கே சரியாகப் போயிற்று. ஒரு வெற்றுக் கேசட் வாங்குவதுகூட அடுத்த மாதத்துக்கு என்று தள்ளிப்போனது. யானை வாங்கியவள் அங்குசத்துக்கு யோசித்த கதை.

"எவ்வளவு நேரம் பேசினீங்க?"

"எனக்கென்ன கடிகாரமா? கண்ணுல தண்ணி வந்ததும் நிறுத்திட்டேன்."

புரோகிராமை அதே கேசட்டில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு தடவை பதிந்திருந்தாள். பாபி கொஞ்ச நேரம்தான் பேசியிருந்தால் இரண்டாவது தப்பியிருக்கலாம். இருக்கலாம்தான், நிச்சயமில்லை. நசீம் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள்.

பெங்களூர் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோரத்தில் சாதிக். பெங்களூரிலிருந்து பம்பாய்க்கு ரயில், அங்கிருந்து விமானம்.

"சாதிக் பாய்! எங்க வூட்டு கேசட்டக் கொஞ்சம் குடுங்க!"

"என்னம்மா தங்கச்சி, சொல்றதுக்கு ஏதாச்சும் விட்டுப்போச்சா?" பையைத் திறந்தார். ஊறுகாய்ப் பாட்டில்களுக்கு நடுவே துணியில் வைத்துத் தைத்த சின்னச் சின்னப் பொட்டலங்கள். ஹாஜிரா தைத்தது பார்த்ததுமே தெரிந்தது. மெத்தைத் துணி, மெத்தை நூல், அப்பாவின் தையல் மாதிரியே பெரிய பெரிய இழை.

ஜன்னல் வழியாகப் பொட்டலம் அவள் கைக்கு வந்தது.

"இத வூட்டுக்குக் கொண்டுபோயி ஒரு தரம் போட்டுப் பாக்கணும் பாய்."

"பஸ்சு எடுத்துருவானே!" சாதிக் தயங்கினார். "வேணுமுன்னா வெச்சுக்கம்மா, உங்க பொருளு. ஆனா அங்க போயி எறங்குனதும் சுபான் மொதல்ல கேக்கறது இதத்தான். போன தரம் எம் பையில இல்லன்னதும் ஒரு வாரம் என்கிட்ட பேசல. எனக்குப் பொறவு நம்ம பக்கத்துல யாரும் இப்போதைக்குப் போறாப்புல இல்ல, பாத்துக்க."

கண்டக்டர் விசில் ஊதினார்.

நசீம் பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்தாள். உள்ளே அவளுடைய மூன்று மாத உழைப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ரிஹானாவின் குரல் மட்டும் நிச்சயம் இருக்கிறது. மகளை நாற்பது நாள் குழந்தையாகப் பார்த்துவிட்டுப் போனவன் அண்ணன். அவன் கையில் கிடைக்கப்போகும் முதல் 'அப்பா' இதுதான்.

பஸ் நகர்ந்தது. கூடவே நாலு எட்டு ஓடி, பொட்டலத்தை ஜன்னலுக்குள் போட்டாள். போட்ட கையைத் தானே திட்டிக்கொண்டாள். நல்லவளாக இருப்பதில் இப்படி எரிச்சல் வரும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

வரும் வழியில் கேசட் கடை இருந்தது. கையில் காசு இல்லை. கடையைப் பார்க்காமல் நடந்தாள்.

வீட்டுக்கு வந்தவள் நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். முதல் பாடங்கள் கல்லூரி நோட்டில் கிறுக்கலாக இருந்தன. மீதி தலைக்குள் இருந்தது. தட்ட ஆரம்பித்தாள். சுவருக்கு அந்தப்பக்கம் கடையில் அப்பா பஞ்சு கொட்டும் சத்தம். தொம் தொம் என்று ஒவ்வொரு அடிக்கும் மேஜை அதிர்ந்தது.

"அப்பா! இன்னிக்கு ஒரு நாளு நிறுத்துங்களேன். பெட்டி ஆடுது!"

சண்டைக்குத் தயாராகத்தான் கேட்டாள். கல்யாண ஆர்டர் இருக்கிறது, பஞ்சு வெயிலில் கிடக்கிறது என்று பத்து காரணம் வரும் என்று எதிர்பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தால், கவுஸ் பாஷா கோலைச் சுவரில் சாத்திவிட்டு, பஞ்சுக் குவியலின் ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். வேலை நாளில் அவர் சும்மா உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. நம்ம அப்பா தங்கம் என்று நினைத்துக்கொண்டாள் பாவம்.

ஹாஜிரா வாசலில் வந்து நின்றாள். "நான் வேணும்னா என் கல்யாண கேசட்டத் தரட்டுமா?"

"வேணாம் பாபி. அது ஒண்ணுதான் உங்ககிட்ட இருக்குது." குரல் விறைப்பாகத்தான் இருந்தது. கோபம் இன்னும் போகவில்லை.

ஹாஜிரா உள்ளே திரும்பினாள். பிறகு குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எங்கோ புறப்பட்டுப் போனாள்.

மதியம் ஜும்மா தொழுகை முடிந்து அப்பா வரும்போது ஐந்து பாடம் ஆகியிருந்தது. நசீமின் விரல் நுனிகள் சிவந்துபோயிருந்தன. தீர்த்தகிரி ரப்பர் பொத்தானைப் பற்றிச் சொன்னது சரிதான் என்று இப்போது ஒப்புக்கொள்ளத் தோன்றியது.

"ஒரு வாய் சாப்புட்டுட்டு அடி. காலையில இருந்து பச்சத் தண்ணி குடிக்கல," என்று ஜான் பீ தட்டைக் கொண்டுவந்து மேஜையில் ணங்கென்று வைத்தாள்.

திரையில் எழுத்துகள் சிதறின. கோடு கோடாக ஓடியது. பிறகு வெறும் வெள்ளை.

 வாயைத் திறந்தால் என்ன வரும் என்று நசீமுக்கே பயமாக இருந்தது. தட்டை எடுத்துத் தரையில் வைத்தாள், தலையை மேஜைமேல் போட்டுக்கொண்டு அழுதாள். என்ன நடந்தது என்று புரியாத ஜான் பீயும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன் குழம்பில் ஏதோ குறை என்றே கடைசிவரை நினைத்தாள்.

மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டும். வெயில் முற்றத்திலிருந்து சுவருக்கு ஏறிக்கொண்டிருந்தது. தீர்த்தகிரியின் சைக்கிள் மணி சந்து முனையில் கேட்டபோது மூன்று பாடம் முடிந்திருந்தது.

மூன்றே பாடம்! பெட்டி இல்லாத காலத்திலேயே ஆறு பாடம் கொள்ளும் கம்ப்யூட்டர் அது. ஆடும் பெட்டியைக் காலையிலேயே கழற்றி வைத்திருந்தால் மதியம் எழுதியதாவது மிஞ்சியிருக்கும். அது அவளுக்குத் தோன்றவே இல்லை. ஆசைப்பட்டு வாங்கியதை அவசரத்துக்குக்கூடக் கழற்ற நமக்கு மனசு வருவதில்லையே.

"என்ன பாய், கடையில சத்தமே காணோம்? லீவுங்களா?" என்றபடி தீர்த்தகிரி வந்தார். கவுஸ் பாஷா ஏதோ முணுமுணுத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

திரையில் ஓர் எழுத்து வரும். அதே பொத்தானை அழுத்தினால் அடுத்த எழுத்து. தப்பாக அழுத்தினால் ஒரு விக்கல் சத்தம். கடைசியில் எத்தனை சரி, எத்தனை தப்பு என்று கணக்குச் சொல்லும். தீர்த்தகிரியே உட்கார்ந்தார். முப்பது வருடமாக டைப் சொல்லிக்கொடுக்கும் மனிதரைப் பார்த்து அந்தப் பொடிப் பெட்டி மூன்று முறை விக்கியது.

"அடேங்கப்பா, நம்மளையே தப்பு சொல்லுதே!" அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எத்தன பாடம் இருக்குதும்மா?"

"பன்னெண்டு எழுதினேன் சார். இப்போதைக்கு மூணுதான்..."

"மூணு போதும், மூணு போதும். எங்க பசங்க மொதப் பாடத்தத் தாண்டவே மூணு மாசம் ஆக்குவானுங்க." எழுந்து கவுஸ் பாஷாவின் பக்கம் திரும்பினார். "பாய், பொண்ணு ஜூன்ல வரட்டுங்க. சம்பளம் பேசிக்கலாம்."

நசீமுக்கு நாளெல்லாம் அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று நெஞ்சிலிருந்து இறங்கியது. அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து அல்லாவுக்கு நன்றி சொல்வது கேட்டது.

"ஒண்ணே ஒண்ணுங்க பாய்," என்றார் தீர்த்தகிரி. "மெஷின் வாங்கறதுக்கு எனக்கு பேங்க் லோனு இன்னும் வரல. வர்ற வரைக்கும் இதையே கொண்டாந்து வெச்சு நடத்தட்டும். அதுக்கும் வாடகையாட்டம் போட்டுக் குடுத்துடறேன். மெஷின் இல்லீன்னா நான் கிளாஸ் ஆரம்பிக்க முடியாதுங்க."

கவுஸ் பாஷா இருமினார். இருமல் நின்ற பிறகும் தரையையே பார்த்தார்.

"சொல்லுங்கப்பா," என்றாள் நசீம்.

"அது நம்முது இல்லம்மா இப்ப."

"எது?"

"நேத்து சாயங்காலமே ஓசூர்க்காரருகிட்ட அட்வான்ஸ் வாங்கிட்டேன். ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்கறாரு."

 நாளெல்லாம் பஞ்சு கொட்டாமல் உட்கார்ந்திருந்தது அன்பினால் இல்லை, குற்ற உணர்ச்சியினால் என்று நசீமுக்கு இப்போதுதான் உறைத்தது.

"வெள்ளிக்கெழம வரைக்கும்னு சொன்னீங்களே!"

"சேலத்துக்காரன் வேற ஆளுக்குக் குடுத்துருவேன்னு வந்து நின்னான். நான் என்ன பண்ணட்டும்? ராத்திரியில இந்த இருமலு எனக்குத்தான் தெரியும்." அவர் தலை குனிந்தது. "ஓசூர்க்காரரும் முன்னெல்லாம் பிகு பண்ணிக்கிட்டுத்தான் இருந்தாரு. எம் பொண்ணு புதுசா மெமரிப் பெட்டி வாங்கிப் போட்டிருக்குன்னு சொன்னேன். அந்த நிமிசமே சரின்னுட்டாரு."

அப்படியானால் அவளுடைய புத்தகப் பணம், ஸ்காலர்ஷிப் பணம், சந்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த பணம் எல்லாமாகச் சேர்ந்து செய்த காரியம் இதுதான். கம்ப்யூட்டருக்கென்று வாங்கிய பெட்டி கம்ப்யூட்டரையே விற்றுக் கொடுத்துவிட்டது.

"பெட்டி என் காசு," என்றாள் நசீம். குரல் அவளுடையது போலவே இல்லை. "அத விக்க நீங்க யாரு?"

"நசீம்..." என்று ஜான் பீ ஓடிவருவதற்குள் அவள் கம்ப்யூட்டரின் முதுகில் கை வைத்துவிட்டாள். கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது பெட்டியைக் கழற்றக்கூடாது என்று காவேரியின் அண்ணன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவளுக்கு அது தெரியாமல் இல்லை. ஒரே இழுப்பாக இழுத்தாள்.

சுளுக் என்று ஒரு சின்னச் சத்தம். மூன்று பாடமும் திரையிலிருந்து மறைந்தன. டீவியில் புள்ளி புள்ளியாக இரைச்சல் மட்டும் நின்றது. சூடான ரப்பர் வாசனையா, கருகல் வாசனையா என்று தெரியாத ஏதோ ஒன்று மூக்கில் ஏறியது.

நசீம் சுவர் சுவிட்சை அணைத்தாள். 

"நசீம்!" வாசலில் மூச்சு வாங்கும் குரல். ஹாஜிரா. முகமெல்லாம் வியர்வை, இடுப்பில் தூங்கிப்போன குழந்தை, காதில் எப்போதும் கிடக்கும் சின்ன ஜிமிக்கியைக் காணோம். "ஜும்மான்னு நம்ம பக்கத்துக் கடையெல்லாம் அடைச்சுட்டாங்க. அடகுக் கடைய சாயங்காலம்தான் தெறந்தாங்க, அப்புறம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு வரேன். ரெண்டு புதுக் கேசட் வாங்கியாந்தேன். ரெண்டும் உனக்குத்தான். சீக்கிரம் பதிஞ்சுக்க!"

 ஹாஜிரா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். கேசட்டுகளை நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"சுவிட்சப் போட்டுப் பாரும்மா," என்றார் கவுஸ் பாஷா, தாழ்ந்த குரலில். ஓசூர்க்காரரின் அட்வான்ஸ் சேலத்து மெஷின்காரன் கைக்குப் போய் ஒரு பகல் ஆகிவிட்டது.

நசீம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சுவிட்சையே பார்த்தாள். தீர்த்தகிரியும் பார்த்தார். போட்டுப் பார்க்க அங்கே ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.